நித்யாவின் ஊசியும் அண்ணியின் பயமும்

என் ரவி அண்ணாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறுவாய். நித்யா நன்றாக இருக்கிறாள். உன் மகளுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறாள், ஆனாலும் நன்றாக இருக்கிறாள். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்று நம் வீட்டில் யாராவது நினைத்தோமா?

ஆரம்பம் உன்னுடையது மாதிரியேதான். தாகம், அசதி, ரத்தப் பரிசோதனை. பெரியவர்களுக்கு வரும் வழக்கமான சர்க்கரைதான், சோற்றைக் குறை, நட என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவளும் சொன்னபடியே செய்தாள். சர்க்கரை இறங்கவில்லை, எடை மட்டும் இறங்கியது.

செகந்திராபாத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். நம் சொந்தக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அடேங்கப்பா, என்னமா இளைச்சிருக்கே! எங்களுக்கும் சொல்லேன்டி" என்று ஒரே கொஞ்சல். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. இதே பாராட்டை நான் முன்பும் கேட்டவள் ஆயிற்றே.

குஷாய்குடா மைதானத்தில் உன் வாக்கிங் நண்பர்கள் உனக்குச் சால்வை போர்த்தினார்களே, நினைவிருக்கிறதா? எடையைக் குறைத்து எல்லோருக்கும் வழிகாட்டியவராம் நீ! உன் ஃபேக்டரி ஆட்கள் கைதட்டினார்கள், நீயும் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு சிரித்தாய். சர்க்கரை இறங்காதபோது மட்டும், திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாய் என்று உன்மேலேயே பழி போட்டார்கள். நீயோ அரை இட்லியோடு எழுந்து போய்க்கொண்டிருந்தாய். உருகிப்போன ஒரு மனுஷனுக்குப் பாராட்டு விழா நடத்திய ஊர் இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அதனால் நித்யாவை இழுத்துக்கொண்டு ஒரு சர்க்கரை நோய் நிபுணரிடம் போனேன். ஒல்லியான உடம்பு, ஏற்கெனவே தைராய்டு, மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை, இதையெல்லாம் கேட்டதுமே அவர் வேறு இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ஒன்று, உடம்பின் காவல்படையே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும். அதற்குப் பெயர் காட் ஆன்டிபாடி. இன்னொன்று சி-பெப்டைட். சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதில் தெரியும்.

ஆன்டிபாடி இருந்தது. இன்சுலின் வற்றிக்கொண்டிருந்தது. "இது லாடா. குழந்தைகளுக்கு வருகிற டைப் ஒன் மாதிரிதான், பெரியவர்களுக்கு மெதுவாக வருவதால் டைப் டூ என்று ஏமாற்றிவிடும். இவங்க சாப்பிட்டதால் வந்ததில்லை இது, சாப்பிடாமல் இருந்தாலும் சரியாகாது. இன்சுலின் தொடங்கிடலாம்" என்றார் டாக்டர். எங்க அண்ணனுக்கும் இதுதானா என்று கேட்டேன். பரிசோதிக்காமல் எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, அண்ணா?

உன் வீட்டுக்கு வந்தால் அண்ணி வழியை மறித்துக் கதவாகவே நின்றாள். "நக்கோ! ஊசி வேண்டவே வேண்டாம். மாத்திரையில இருந்த வரைக்கும் அவரு நடமாடினாரு. ஆஸ்பத்திரில இன்சுலின் ஏத்தினாங்க, மூணாம் நாள் பொணமாத்தான் குடுத்தாங்க. எம்பொண்ணுக்கும் அதையே போடணுமா?" என்று அழுதாள். நித்யா என் காதோரம் தெலுங்கில், "அத்தா, அம்மாகி நுவ்வே செப்பு" என்றாள். அம்மாவிடம் நான்தான் பேச வேண்டுமாம். அம்மாவை அழவைத்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ள அவளுக்கு மனசில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் அவள் கரைந்துகொண்டிருந்தாள்.

நான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியாததா? அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ அண்ணனுக்கு நினைவு இருந்துதா அண்ணி?"

"இல்ல. மூச்சு வாங்கிட்டு இருந்தாரு. என்னைக்கூட தெரியல."

"அப்புறம்?"

"மறுநாள் சாயங்காலம் கண்ணு முழிச்சாரு. எழுந்து உக்காந்தாரு. நித்யா எங்கேன்னு கேட்டாரு. பசிக்குதுன்னாரு..."

"அது எதனால அண்ணி? இன்சுலின் ஏத்தினதுனாலதானே? அதுக்குள்ள இதயம் களைச்சுப் போச்சு, தாங்கல. அது லேட்டா வந்த மருந்து அண்ணி, கொன்ன மருந்து இல்ல."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். நான் அத்தோடு போச்சு என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன் வந்தது. "போட்டுக்கிட்டா. நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்றாள். இப்போது காய்ச்சல் வந்தாலும் ஊசியை நிறுத்தக் கூடாது என்று அண்ணிதான் எங்களுக்குப் பாடம் எடுக்கிறாள். நித்யாவின் முகத்தில் சதை பிடித்திருக்கிறது. யாரோ குண்டாகிவிட்டாய் என்றார்களாம், அண்ணி சந்தோஷத்தில் அவர்களுக்கு லட்டு கொடுத்து அனுப்பினாளாம்.

இதற்கு முடிவு கிடையாது, ஆயுசு முழுக்க ஊசிதான், தெரியும். சில நாள் சர்க்கரை தாழ்ந்து நடுங்குவாள், சில நாள் சலித்து அழுவாள். அழட்டும், நான் கூட இருப்பேன். ஆனால் இன்சுலினால் உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம். உன் மகளுக்கு அதை ஆயுசு முழுக்க வாங்கிக்கொடுக்காமல் நான் ஓயமாட்டேன், அண்ணா.

உன் பிடிவாதக்காரத் தங்கச்சி,
கீதா