சபாஷ் சொல்லும் ஒலிபெருக்கி

அனுப்புநர்:
தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர்,
மூன்று வயதுப் பெண் குழந்தையின் தகப்பன்.

பெறுநர்:
குழந்தைகள் காப்பக ஆய்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: காப்பகத்தில் குழந்தைகளோடு மனிதர்கள் பேச அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் கையொப்பமிட்ட பாராட்டுச் சான்றிதழ் எங்கள் காப்பக வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தினமும் காலையில் அதைக் கும்பிடாத குறையாகக் கடந்துபோகும் ஒருவன் எழுதிக்கொள்வது.

1. என் மகள் இரண்டரை வயதுவரை பேசவில்லை. வேண்டியதைக் கையைக் காட்டித்தான் கேட்பாள். அவளைப் பேசவைத்தவர் காப்பகத்து ஆயா. கை கழுவி விடும்போது தண்ணீர் எப்படி இருக்கிறது, சோப்பு எங்கே வழுக்கிக்கொண்டு ஓடியது என்று ஓயாமல் கேட்பார். பதில் வரும்வரை துண்டைக் கொடுக்க மாட்டார். காப்பகத்தில் சேர்த்த நான்காம் மாதம் என் மகள் "ஜில்லு" என்றாள். அன்று நானும் என் மனைவியும் அழுதுவிட்டோம்.

2. பிறகு தங்கள் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு குழந்தையும் தினம் நாற்பது நிமிடம் தரமான பேச்சைக் கேட்க வேண்டும் என்றது. நல்ல உத்தரவுதான். பேச வேண்டியது யார் என்று மட்டும் எழுத விட்டுப்போயிற்று. பொறுப்பாளர் அம்மையார் யோசித்துப் பார்த்து, ஓர் ஒலிபெருக்கியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார்.

3. அது "இது என்ன நிறம்?" என்று கேட்கும். மூன்று எண்ணும் நேரம் பொறுக்கும். குழந்தை பதில் சொன்னாலும், தூங்கி வழிந்தாலும், பக்கத்துக் குழந்தையைக் கடித்தாலும் "சபாஷ்" என்று பாராட்டும். பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்து, வரிசையாக உட்கார்ந்து, பேச்சுப் பயிற்சி பெறுகிறார்கள். ஆயாவின் பேச்சு தரம் பார்க்கப்படாதது என்பதால், பிள்ளைகளிடம் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

4. தாங்கள் ஆய்வுக்கு வந்த நாளில் மகளைக் கொண்டுவிட வந்த நான் வாசலில் நின்று பார்த்தேன். பதினொரு நிமிடம் இருந்தீர்கள். சத்தம் பின்வரிசைவரை கேட்கிறதா என்று சோதித்தீர்கள். இருபத்திரண்டு குழந்தைகளில் ஒன்றுகூட மூச்சு விடாததைக் கண்டு உச்சி குளிர்ந்துபோய், மொழி வளர்ச்சி மிகச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

5. வீட்டில் மகள் என்னிடம் "என்னப்பா சாப்ட்டீங்க?" என்று கேட்பாள். நான் வாயெடுப்பதற்குள் "சபாஷ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நாங்கள் சிரித்தோம். கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

6. சென்ற வியாழக்கிழமை கதவிடுக்கில் அவள் விரல் நசுங்கியது. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மாலையில் நான் போய்த்தான் பார்த்தேன். நகம் கறுத்து, விரல் வீங்கியிருந்தது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னது இது:

"சொன்னேன்ப்பா. அது சபாஷ்னு சொல்லுச்சு."

அம்மையாரிடம் முறையிட்டேன். நலமா என்று ஒலிபெருக்கி தினம் மூன்று தடவை விசாரிக்கிறது, இதுவரை எந்தக் குழந்தையும் புகார் சொன்னதில்லை என்று பணிவோடு விளக்கினார்.

ஐயா, நான் இயந்திரங்களை வைத்துப் பிழைப்பவன். அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் மகள் ஒரு வருடம் கஷ்டப்பட்டுக் கற்றது கையைவிட்டுப் போகிறது. கட்டுப் போட்ட மருத்துவர் வலிக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, ஒலிபெருக்கியைக் கழற்றவும், ஆயா பிள்ளைகளோடு பேசலாம் என்று எழுத்தில் உத்தரவிடவும் வேண்டுகிறேன். அதற்கு முன் தாங்கள் ஒருநாள் வந்து பாயில் உட்கார்ந்து, விரல் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள். இப்போதெல்லாம் அவளுக்கு நேரம் பிடிக்கிறது.

நாள்: 14, புதன்கிழமை
இடம்: காப்பக வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர்