முருகன் குடியிருந்த ரேடியோ

நவம்பர் 7, வெள்ளி

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் பாரிவாக்கம் போனேன். அங்கம்மா அக்கா கொக்கி வைத்துக்கொண்டிருந்தார், “அஞ்சு நிமிசம் குந்தும்மா” என்றார். உட்கார்ந்தேன். தலையைத் திருப்பினேன். எதிர்ச்சுவரில் அது!

மூன்று வருஷமாக என் பரணில் ஒரு வால்வு ரேடியோ வீடில்லாமல் கிடக்கிறது. உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது, பெட்டியை மட்டும் கறையான் தின்றுவிட்டது. அதே மாடலின் பெட்டி அக்கா வீட்டுச் சுவர்ப் பலகையில் நிற்கிறது. இரண்டு தோளும் வளைந்த மரம். ஒரே வெனீர் மரத்தகட்டை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி ஒட்டிய முகப்பு. ஸ்பீக்கர் இருந்த வளைவுக்குள்ளிருந்து முருகன் எட்டிப் பார்க்கிறார். கீழே டயல் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருக்கிறது, அதில் எழுதியிருக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பம்பாய்க்கும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டோடு.

நான் வாயைப் பிளந்ததை அக்கா பார்த்துவிட்டார். “இன்னாம்மா, முருகன்னா அவ்ளோ இஷ்டமா?”

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 8

ஆவடி நடேசன் சாரிடம் போனில் சொன்னேன். என் ரேடியோக்களுக்கெல்லாம் வைத்தியர் அவர்தான். குதித்தார். உடனே எச்சரிக்கையும் செய்தார்: “ஆசையை மூஞ்சில காட்டிடாதீங்க. காட்டினா பொருள் கை நழுவிடும்.”

சம்பத் பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏற்கெனவே வீட்ல பதினோரு ரேடியோ, உக்கார நாலே நாலு சேர். இப்ப முருகனையும் காலி பண்ண வைக்கப் போறியா, ப்ரியா?” என்கிறார். கட்டிய புருஷன் பேசுகிற பேச்சா இது?

நவம்பர் 21, வெள்ளி

மூன்றாவது ஜாக்கெட். கூடவே முருகனுக்கு இரண்டு முழம் கதம்பம். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

பெட்டியின் கதையைத் தானாகவே சொன்னார். “எங்க மாமனாரு வாங்கினது. பாடறது நின்னுபோச்சு. உள்ள இருந்ததெல்லாம் காயலாங்கடைக்காரன் புடுங்கிகினு பூட்டான். பொட்டி சோக்கா கீதே, கடாசுவானேன்னு சாமிய வச்சேன். நாப்பது வருசம் ஆவப்போவுது.”

அந்தக் காயலாங்கடைக்காரனை மனசுக்குள் திட்டினேன். வெளியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 5

ஐந்தாவது ஜாக்கெட். இத்தனைக்கும் நான் ஆபீசுக்குச் சுடிதார்தான் போடுகிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

தலையில் இடி! அக்காவின் வீட்டுக்காரர் முனியன் அண்ணன் பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாராம். “ஊட்டுக்கு அடிக்க சொல்ல, அந்தப் பொட்டிக்கும் மஞ்ச எனாமல் ரெண்டு கோட்டு குடுத்துட்டா சாமி பளபளன்னு இருப்பாரு” என்றார் அண்ணன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அந்த வெனீர் மேலேயா எனாமல்? மஞ்சளா? ஐயோ, சாமி, நீயாவது வேணாம்னு சொல்லேன்!

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு மாதமாகப் பக்தையாக நடித்துவிட்டு, சாமி இருக்கிற வீட்டை எனக்குக் கொடு என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? “பெயின்ட் வேண்டாம் அண்ணே, முருகனுக்குப் புது மண்டபமே செய்து தருகிறேன், என் வேண்டுதல்” என்று உளறிவிட்டேன்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் 14

அம்பத்தூர் முகமது ஆசிக்கிடம் மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. எங்கள் சமையலறை அலமாரியெல்லாம் அவர் செய்ததுதான். “கிச்சன் கப்போர்டு ஆளைப் பிடிச்சு கோயில் கட்டச் சொல்றீங்களே மேடம்” என்று சிரித்தார். ஆனால் தேக்கு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. முருகனின் அளவு வேண்டுமாம்.

டிசம்பர் 19, வெள்ளி

அக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து முருகனை அளந்தார். “ஒசரம் ஒம்போது. வேலோட சேத்து பதினொண்ணு. அகலம் ஆறு. லூசா வைக்க சொல்லு, மாலை போடணுமில்ல?” எனக்கு எடுக்கும் அளவைவிடக் கவனமாகத்தான் எடுத்தார்.

இந்த மனுஷியிடம் பொய் சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாக இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்கப் பிடித்திருக்கிறது. ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் செய்த புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிறவள் நான். என்னுடையது மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? தெரிகிறது. திருத்தத்தான் மாட்டேன் என்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மண்டபம் போய்ச் சேர்ந்தது. ஆசிக் மணியெல்லாம் கட்டி அசத்திவிட்டார். சாயங்காலமே முருகன் குடிபோனார். தெருவே வந்து பார்த்தது. “எங்க கிருஷ்ணப்பிரியா செஞ்சது” என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். எங்க!

பழைய பெட்டி வெறுமையாக மூலையில். இப்போதே கேட்டால் குட்டு உடைந்துவிடும். பொங்கல் கழியட்டும், வெள்ளிக்கிழமை போகிற போக்கில், “இது இங்கே எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு” என்று வாங்கி வந்துவிடலாம். என் மூளையே மூளை.

ஜனவரி 14, போகி

மூளையாம் மூளை.

காலை ஐந்தரைக்கு அக்கா போன். “கண்ணு, சீக்கிரம் கெளம்பி வா. சாமி இருந்த பொட்டிய குப்பையில போட மனசு வர்ல. போகி நெருப்புல போட்டாதான் அதுக்கு மருவாதி. புது வீடு குடுத்தவ நீ, உன் கையால கொளுத்து.”

நான் “அக்கா, அக்கா” என்கிறேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம். போன் கட்.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அயனம்பாக்கம் ஏரிக்கரையெல்லாம் புகை, பனி. எதிரே வருகிறவன் தெரியவில்லை. வழியில் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு நெருப்பு. ஒவ்வொன்றிலும் என் பெட்டி எரிகிற மாதிரியே இருந்தது.

தெருவுக்குள் நுழையும்போது முனியன் அண்ணன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்கிறார். அக்கா கையில் கற்பூரத் தட்டு. எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

“போடாதீங்க! அது எனக்கு வேணும்! முதல் நாள்லேர்ந்தே அதுதான் வேணும்!”

தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் – பரண், கறையான், ஜாக்கெட், வேண்டுதல், எல்லாம். அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப ரெண்டு மாசமா நீ சாமி கும்புட வர்ல?”

“இல்லக்கா.”

“பொட்டியத்தான் பாத்துகினு இருந்தியா?”

தலையாட்டினேன்.

“அடிப்பாவி. கேட்டிருந்தா அன்னிக்கே தூக்கிக் குடுத்திருப்பேனேடி. பொட்டிக்காகவா இத்தினி பொய்யி?”

உள்ளே போய்விட்டார். முனியன் அண்ணன்தான் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கயிறு கட்டிவிட்டார்.

ஜனவரி 15, பொங்கல்

பெட்டி ஹாலில் இருக்கிறது. கீறல்கூட இல்லை. சந்தோஷமும் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சம்பத் இன்று கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

ஜனவரி 31, சனி

நடேசன் சார் வந்து உள்பாகத்தைப் பெட்டியில் பொருத்தினார். உட்புறமெல்லாம் சாம்பிராணிக் கரி, திருநீறு, எண்ணெய்ப் பிசுக்கு. “சுத்தம் பண்ணி பாலிஷ் போட்டுடலாம்” என்றார். தொடக்கூடாது என்றேன். பொட்டுகளையும்தான். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு மனிதர் கத்தரிச் செடியில் வரும் பூச்சி பற்றிப் பேச ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

பத்து நிமிடத்தில் பெட்டி முழுக்கச் சூடேறியது. வீடு முழுக்கத் திருநீறும் சாம்பிராணியுமாக மணந்தது. உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அழுதேன். ஒரு தையல்காரம்மாவுக்காக இப்படி அழுவேன் என்று நினைக்கவே இல்லை. தையல்காரம்மா என்று எழுதவே கை கூசுகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

பாரிவாக்கம் போனேன். தைக்க எதுவும் கொண்டுபோகவில்லை. பூவும் வாங்கவில்லை.

அக்கா நிமிரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னேன்: “பெட்டி பாடுதுக்கா. சூடானா சாம்பிராணி வாசனை வருது.”

கால் நின்றது. “நாப்பது வருசம் போட்டது, போயிடுமா?” நூலை அறுத்துவிட்டு, “இன்னா பாட்டு பாடுச்சு?”

“பாட்டு இல்ல. கத்தரிக்காய்ப் பூச்சிக்கு மருந்து.”

உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“பொட்டியும் வாங்கிகினே. இன்னிக்கு யாரைப் பாக்க வந்தே?”

“உங்களத்தான்.”

என்னையே பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் கிடந்த துணியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

“குந்து. இந்தக் கொக்கிய வச்சிட்டு டீ போடறேன்.”