கரடி காதில் சொன்னது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், மனதளவில் எப்படி என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் முதலில் எழுத வருகிறது.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, மாற்றியாகிவிட்டது. போன வாரம் முடிவெட்டப் போனேன். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, உங்க பையன் மேடையில பேசுறாரு பாருங்க என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். குழந்தைகளுக்குப் போனில் கதை சொல்லும் உன் கம்பெனிக்குப் பரிசு கொடுக்கிறார்கள், கோட்டு உனக்கு எடுப்பாக இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் சொன்னாய், எங்க வீட்ல கதை சொல்ல ஆளே இல்லை, ஒரு கதைகூடத் தெரியாம வளர்ந்தவன் நான், அதனாலதான் இதை ஆரம்பிச்சேன் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்தார். பாதி வெட்டின தலையோடு எழுந்து வரவும் வழியில்லை.

அம்மாவிடம் சொன்னேன். நாலு பேர் கை தட்டணும்னு பேசுறதுதானே, விடுங்க என்றாள். எப்படி விடுவது? அவள் இரவு டியூட்டிக்குப் போன வருடங்களில் உன்னைத் தூங்க வைத்தது யார்? பகலெல்லாம் சலவைக்கூடத்து ஆவியில் வெந்து, ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து மடித்துக் கை மரத்து வருவேன், நீ சட்டையைப் பிடித்து இழுத்துக் கரடி கதை கேட்பாய். கரடியைக் கண்டதும் ஒருவன் கூட வந்தவனை விட்டுவிட்டு மரமேறுவான், மற்றவன் செத்தவன் போல் மூச்சடக்கிப் படுப்பான், கரடி முகர்ந்து பார்த்து அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போகும். என் வயதுக்காரர்களில் அது தெரியாதவர் கிடையாது. கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன், கரடி எதுக்கு மனுசன் காதுல பேசுது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அதுகளுக்கு யாரும் சொல்லவில்லை, அதுகள் மேல் குற்றமில்லை. உனக்கும் வேலைச் சுமையில் மறந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று பேத்தி போனில் கதை கேட்டாள், கரடி கதையை ஆரம்பித்தேன். அது எனக்குத் தெரியுமே தாத்தா, படுத்திருக்கிறவன் மேல சோப்பு வாசனை அடிக்கும், கரடி தும்மும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தும்மல் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, என் சட்டையின் சோப்பு நெடிக்கு நீ தும்முவாய் என்று நான் சேர்த்தது. யாரும்மா சொன்னது என்றேன், அப்பா சொந்தமா யோசிச்ச கதை என்றாள். மறந்துபோயிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னாய் பார், அதுதான் தாங்கவில்லை. ஊருக்கு முன்னால் என்னை ஊமையாக்கிவிட்டு வீட்டுக்குள் என் வாயை வைத்தே பேசியிருக்கிறாய். சலவைக்கூடத்துக்காரன் மகன் என்று சொல்லக் கூச்சமா? சொல்லியிருந்தாலும் கை தட்டியிருப்பார்கள்.

கரடி காதில் என்ன சொன்னது என்று அவளைக் கேட்டேன். அதை மட்டும் அப்பா இன்னும் யோசிச்சிட்டு இருக்காராம் என்றாள். ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவனை நம்பாதே என்று புத்தகத்துக் கரடி சொல்வது உனக்குத் தெரியாதா? ஆனாலும் அதை நீ அவளுக்குச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கரடி அப்படிச் சொல்லாது என்று உனக்கே தெரிந்திருக்கிறது. தும்மல் வந்ததும் நீ தூங்கிவிடுவாய், நான் குனிந்து உன் காதில்தான் சொல்வேன், ஒரு நாளும் தவறியதில்லை. அதை நான் பேத்தியிடமும் சொல்லவில்லை.

மருமகளுக்கும் உனக்கும் என் ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சட்டென்று காதுவலி வந்துவிடும். மேடையில் என் பேரை நான் கேட்கவில்லை, அது யார் சொன்ன கதை என்று பேத்தியிடம் மட்டும் சொல்லிவிடு. சொன்ன பிறகு ஒரு நடை வந்து போ. கரடி சொன்னதை எழுத முடியாது, காதில்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நீ மரத்திலிருந்து இறங்கி வரும்வரை கீழேயே படுத்திருக்கும்
உன் அப்பா