விமானம் கடக்கும் நேரம்

பியூலா,

என் ஜாஸ் ஆல்பத்தை வெளியிட ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. நேற்று ஒத்திகையில் டிரம்ஸ் வாசிக்கும் டெனிஸ், "மச்சான், நீ எழுதுன பாட்டுல எல்லாம் நடுவுல ஏன் சும்மா நிறுத்துற?" என்றான்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் நம் அனகாபுத்தூர் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பாரிடோன் சாக்ஸபோன் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். அந்தப் பழக்கம் பாட்டிலும் ஏறியிருக்கிறது.

நான் நிறுத்தும் நேரம் பார்த்துத்தான் நீ அறை வாசலில் வந்து ஏதாவது கேட்பாய். விமானச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. திரும்ப வாசிக்கும் அவசரத்தில் தலையாட்டிவிடுவேன்.

கடைசியாகப் பெட்டியோடு வந்து நின்றாய். அன்றும் தலையாட்டினேன்.

"நான் போகட்டுமா" என்று கேட்டாயா, "நீங்களும் வர்றீங்களா" என்று கேட்டாயா?

உன் வீட்டுக்காரன்