காலையில் மெஸ், மாலையில் யோகா

டீச்சர்,

போன வாரம் பேத்தி என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய், தான் வேலை பார்க்கும் இடத்தைக் காட்டினாள். ஆள் உயரச் செம்புக் கொப்பரைகள், அதிலிருந்து குழாய், குழாயில் பீர். அதைக் காய்ச்சுவது என் பேத்தி! கெமிஸ்ட்ரியில் மெடல் வாங்கியவளாக்கும். போகும்போதே ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாளிடம், "எம்பேத்தி பீர் காய்ச்சுறா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் மீதி வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே மேசைக்கு ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலை வந்தது. பொடி வெங்காயம், மாங்காய், எலுமிச்சைச் சாறு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்து நின்றது. "பீர் கடையில உட்கார்ந்துதான் என்னை நினைக்கணுமா ருக்கு?" என்று நீங்கள் கேட்பதும் கேட்டது. என்ன செய்ய? அந்த வேர்க்கடலையில்தானே உங்கள் வீட்டுக் கல்யாணமே நடந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் தெரு முனையில், முன்னால் அரசாங்கத்து ஒயின்ஷாப், அதன் பின்னால் கீற்றுக்கொட்டகையில் எங்கள் பார். ஏலம் எடுத்தது என் வீட்டுக்காரர். கல்லாவில் உட்கார்ந்த ஒரே மாதத்தில் அவரே பெரிய வாடிக்கையாளர் ஆகிவிட்டதால், அவரைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் நான் பேர் கேட்பதில்லை. யார் எதைத் தொட்டுக்கொள்கிறாரோ அதுதான் அவர் பேர். முட்டைப் பொடிமாஸ் அண்ணன், நெத்திலித் தம்பி, வேர்க்கடலை சார். "வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டு, வெறும் வயிறு என்றால் இரண்டு இட்லி உள்ளே போன பிறகுதான் பாட்டிலைத் திறக்க விடுவேன். கொட்டகைக்கு வெளியே பார்த்தால் யாரையும் எனக்குத் தெரியாது. அதுதான் என் கடையின் சட்டம்.

கொட்டகைக்குப் பின்சுவர் உங்கள் வீட்டுக்குப் பக்கச்சுவர். உங்கள் வீட்டுக்காரர் எதைக் குடித்துக் குடித்துப் போனார் என்று தெருவுக்கே தெரியும். அதனால் என் பாரை மூடச்சொல்லி நீங்கள் கலெக்டருக்கு மனு எழுதியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதிய மனுவைச் சுவர் மேல் வைத்து எனக்கே படித்துக் காட்டுவீர்கள்.

"மாலை ஆறு மணி முதல் கூச்சல். சரியா, ருக்கு?"

"ஆறரைன்னு போடுங்க டீச்சர். ஆறு மணிக்கு நான் சாம்பிராணி போட்டுட்டிருப்பேன்."

திருத்திக்கொள்வீர்கள். பிறகு அதே சுவர் மேல் உங்கள் மரத்துக் கறிவேப்பிலை எனக்கு வரும். என் வத்தக்குழம்பு உங்களுக்குப் போகும். "மனு மனுதான், கறிவேப்பிலை கறிவேப்பிலைதான்" என்பீர்கள்.

உங்கள் பெண்ணுக்குப் பொழிச்சலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பக்கத்தில் பார் இருப்பது தெரிந்தால் ஓடிவிடுவார்களே என்று, பஞ்சாங்கம் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தீர்கள்.

"உன் கடை எந்தெந்த நாள் மூடியிருக்கும்?"

"தை மாசத்துலன்னா ஜனவரி இருபத்தாறு இருக்கு டீச்சர்."

"அன்னிக்கே வரச் சொல்லிடறேன். கொட்டகை என்னன்னு கேட்டா மெஸ்ஸுன்னு சொல்லிக்கறேன். சாமி மன்னிக்கட்டும்."

பெயர்ப்பலகை மேல் போர்வையைக் காயப்போட்டேன். காலி பாட்டில் பெட்டிகளைப் புடவையால் மூடினேன். சாம்பிராணிக்கு மேல் சாம்பிராணி. நீங்கள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு, மார்பில் குத்திய கொடியோடு வந்து பார்த்துவிட்டு, "கோயில் கெட்டது போ" என்றீர்கள்.

மாப்பிள்ளை, அம்மா, அப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். நான் உங்கள் அடுக்களையிலிருந்து கேசரித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தட்டைப் பார்த்தார். தட்டைப் பிடித்த கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வேர்க்கடலை சார்!

சட்டம் சட்டம்தான். "எடுத்துக்குங்க சார்" என்று யாரோ எவரோ போல நீட்டினேன். அவரும் யாரோ எவரோ போலத்தான் எடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்கக் கூடாதா? "இந்தப் பக்கம் எங்கயோ யோகா கிளாஸ் இருக்காமே? இவரு அஞ்சு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை வர்றாரு. போயிட்டு வந்தா மனசு லேசாயிடுதாம்" என்றாள்.

அவருக்கு நெற்றியில் வேர்வை கோத்தது. பார்த்துக்கொண்டு நிற்க என் மனசு கேட்கவில்லை.

"நம்ம கொட்டகையிலதாம்மா நடக்குது" என்றேன்.

"அது மெஸ்ஸுன்னு டீச்சர் சொன்னாங்களே?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அப்புறம் அவரைப் பார்த்தீர்கள். உங்களுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, டீச்சர். ஆனாலும் கணக்குப் பாடம் நடத்துகிற குரலில், "காலையில மெஸ், மாலையில யோகா" என்றீர்களே! வாழ்நாளில் பொய் சொல்லாத வாய்க்கு அது எப்படித்தான் அவ்வளவு சுத்தமாக வந்ததோ.

பார்த்தே ஆகவேண்டும் என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். கொட்டகைக்குள் வந்து மூச்சை இழுத்து, "எவ்வளவு அமைதியா இருக்கு! இங்க வந்தா மனசு லேசாகாம என்ன செய்யும்?" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "மாஸ்டரம்மா எதிர்லயே ஒரு ஆசனம் போட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

பாவம், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பத்மாசனத்தில் உட்கார்ந்தார். மடித்த கால் பிரியவே இல்லை. மாப்பிள்ளை ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்துத் தூக்கினோம். "நல்லா வருது சார், மூச்சை மட்டும் விடுங்க" என்றேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனது எனக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு சுவருக்கு வந்தீர்கள். சிரிப்பு போயிருந்தது.

"அவரு உன் கடைக்கு வர்றவர்தானே?"

"கடைக்கு வர்றவங்களைப் பத்தி நான் வெளியில பேசறதில்ல டீச்சர்."

"குடிக்கிற வீட்டுக்குப் பொண்ணைத் தரமாட்டேன்னு, இவ அப்பாவைக் கூடத்துல கிடத்தியிருந்தப்ப சொன்னேன் ருக்கு."

அதற்கு மேல் என் சட்டம் நிற்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சனிக்கிழமை ஒரு பாட்டில் பீரு. அதுலயும் பாதிதான். மீதி என் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் போவும். கடலையைத் தின்னுட்டு, மேசையை அவரே துடைச்சிட்டுப் போவாரு. பெருக்கற பொம்பளையை வாங்க, போங்கன்னுதான் பேசுவாரு. குடிச்ச அப்புறம் மரியாதை கூடுற ஆம்பளை, இவரை விட்டா இன்னொருத்தரை நான் பார்த்ததில்ல."

"பையன்?"

"அவனை எனக்குத் தெரியாது. இந்த மனுஷன்கிட்ட வளர்ந்திருக்கான். அது தெரியும்."

"நீன்னா குடுப்பியா?"

"எனக்கு இன்னொரு பொண்ணு இருந்தா, உங்களுக்கு முன்னாடி தட்டு மாத்தியிருப்பேன்."

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். சில நாள் சுவர்ப் பக்கமே வரவில்லை. கறிவேப்பிலையை நான் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. அவசரப்பட்டு வாயை விட்டோமோ, நாளைக்கு அந்தப் பெண் அழுதால் யார் பதில் சொல்வது என்று எனக்கு அடுப்படியில் கையே ஓடவில்லை.

ஒரு சாயங்காலம், கொட்டகை நிறைய ஆட்கள். முன்வாசல் வழியாக நீங்கள் உள்ளே வந்தீர்கள். கையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் கல்யாணப் பத்திரிகை. பாதிப் பேர் உங்களிடம் படித்தவர்கள் அல்லவா? பாட்டில்கள் எல்லாம் காலுக்குப் பின்னால் பதுங்கின. எழுந்து நின்று, பள்ளிக்கூட ராகத்திலேயே, "வ...ணக்கம் டீச்சர்!"

"உட்காருங்கடா."

முட்டைப் பொடிமாஸ் அண்ணனுக்கு மட்டும் தைரியம். "இன்னா டீச்சர், நம்மளுக்கு பத்திரிகை கிடியாதா?"

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, தரேன்."

ஏழேழு நாற்பத்தொன்பது வரை வந்து நின்றுவிட்டார். சிரித்துக்கொண்டே கொடுத்தீர்கள். "எல்லாரும் வரணும். வெறும் வயித்தோட வரணும். அன்னிக்கு உள்ள போறது சாப்பாடு மட்டும்தான்."

எனக்குக் குங்குமம் வைத்து, தட்டை என் கையில் கொடுத்தபோது, "உன் வார்த்தையை நம்பித்தான் கொடுக்கறேன்" என்று காதோடு சொன்னீர்கள்.

மனு அடுத்த மாதமும் போனது, அது வேறு. கடைசியில் ஒருநாள் அது பலித்து பாரை மூடியபோது, என்னைவிடக் கவலைப்பட்டு, "இனிமே என்ன பண்ணுவே?" என்று சுவரில் வந்து நின்றவரும் நீங்கள்தான்.

உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள் டீச்சர். உங்களை எடுத்த அன்று, அவளுக்கும் முந்தி உடைந்து அழுதது அவள் மாமனார்தான். அவள்தான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

அஞ்சாவதோடு நின்றவள் நான். என் வாய்ச்சொல்லை ஒருத்தி அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான். இன்றைக்கும் யாராவது என்னிடம், "அந்த ஆள் எப்படிப்பட்டவரு?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஒரு பெண் அந்த வார்த்தையை நம்பிப் போய் வாழப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.