அண்ணன் ‘சரி’ என்று மட்டும் சொன்னது

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் வலி மட்டும் கூடவே குடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைத் தேற்றிக்கொண்டு நன்றாயிருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கரு கலைந்ததை நீ சொன்னபோது உன் அண்ணன் “சரி” என்று போனை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போனான். பக்கத்தில் இருந்த எனக்கே ஓர் அறை விடலாம் போலிருந்தது. இரண்டு மாதமாக நீ அவனோடு பேசவில்லை, உன்மேல் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியவேண்டும்.

உன் அண்ணனுக்கு வந்திருப்பது நரம்பு தளர்ந்து உடம்பு ஓயும் மோட்டார் நியூரான் நோய் என்றதும் நாமெல்லாம் கைகாலைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். இடது கைதான் ஓய்ந்திருக்கிறது, வலது கையும் கால்களும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். நான் சோம்பேறி என்று திட்டினேன், உன் அண்ணி தன்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்று அழுதாள். ஒரு நாள் காலையில் ரொட்டியை விழுங்காமல் வாயில் அடைத்துக்கொண்டே போனதில் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அண்ணி முதுகில் தட்டி வெளியே எடுத்தாள். மூச்சு வந்த மறுநிமிடம் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். ‘க’வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார், லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது லிஃப்ட்டின் வயரிங்கை மனப்பாடமாக வைத்திருந்தவன் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டான். இந்த நோய் சிலருக்கு மூளையின் முன்பக்கத்தையும் பிடிக்குமாம். “வேணும்னு செய்யலம்மா, ஒரு வேலையைத் தொடங்கறதும் அடுத்தவங்க மனசைப் புரிஞ்சுக்கறதும் அவருக்கு வர மாட்டேங்குது” என்றார். திட்டியதையெல்லாம் நினைத்து எனக்கு உடம்பு கூசியது.

அழுது என்ன ஆகப்போகிறது. ஒரு சட்டையை இருபது பேர் ஆளுக்கொரு வேலையாகத் தைத்த தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள் நான், அவன் குளியலையும் அப்படியே பிரித்தேன். எழுந்திரு என்பேன், எழுந்த பிறகுதான் குழாயைத் திற என்பேன், அதற்குப் பிறகுதான் சோப்பு. “நாமளே குளிப்பாட்டிட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமே அத்தை” என்றாள் அண்ணி. அவன் கை வேலை செய்கிறவரை அவனே செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் என்னைத் தள்ளிவிட்டான், மறுநாளும் போய் நின்றேன். ரொட்டியைச் சின்னதாக நறுக்கி, ஒன்று உள்ளே போன பிறகே அடுத்ததைத் தட்டில் வைக்கிறோம். சாலையை இருபக்கமும் பார்க்காமல் கடக்கிறான், அதனால் தனியாக விடுவதில்லை, ஆனால் நடையை நிறுத்தவில்லை, நான் கூடப் போகிறேன். நேற்று நான் ஐந்தே வார்த்தை பேச, அவனே குளித்துச் சட்டை மாட்டி வந்தான், பொத்தான் மட்டும் நான் போட்டேன். நாளைக்கு இதுவும் போகலாம் என்கிறார் டாக்டர். போகும்போது பார்த்துக்கொள்கிறேன், இன்றைக்கு விட்டுக்கொடுப்பதாயில்லை.

உன் துக்கம் சின்னது என்று நான் சொல்லவே மாட்டேன், எனக்கும் அது பேரக்குழந்தைதான். ஆனால் அண்ணனை விட்டுவிடாதே. ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேள், நேரம் கொடு. வேளைக்குச் சாப்பிடு, அதற்குள் வேலைக்கு ஓடாதே. நீங்கள் இருவரும் நிறைவாக வாழவேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மறக்காமல் கூப்பிடு. நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கமாட்டான். கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்லு, போனை நான் அவன் காதில் பிடித்திருப்பேன்.

என்றும் உன்
அம்மா