ஞாயிறு நம் வீட்டுச் சாவிப் பாடு

திங்கட்கிழமை காலை

அன்பு மகள் திவ்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் முட்டி வலிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலையைக் கவனமாகச் செய்துகொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்தேன். புனேயில் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று சொன்னாயே, நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காதே. இங்கே மழை விட்டுப் பத்து நாள் ஆகிறது. முகத்துவாரம் நன்றாகத் திறந்திருப்பதால் ஏரியில் தண்ணீர் ஏறி இறங்குகிறது, இறால் பரவாயில்லை, நைனாவுக்கு நண்டு கடித்த விரல் ஆறிவிட்டது. நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் இரண்டு பெட்டி வந்திருக்கின்றன, பதிவேட்டில் ஏற்றி முடிப்பதற்குள் பாதியைப் படித்துவிடுவேன் என்று உன் நைனா கேலி செய்கிறார். ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது, அவளுக்கு நீ கை தட்டினா நான் பொங்கலுக்கு வரமாட்டேன், வேற மகளைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போனில் நான் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் விரைவு அஞ்சல். கடிதத்தைக் கிழித்தாலும் கிழிப்பதற்கு முன் கொஞ்சமாவது படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ போனை வைத்த பிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பம்பட்டு எப்சிபாவை இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் எடுத்துவிட்டார்கள் என்பதும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேபாளத்துடன் ஆட்டம், டிவியில் காட்டுகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று நம் கிளப் ரசிகர்கள் எல்லாரும் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்தே வைத்தார்கள். மணிகண்டன் ஷேர் ஆட்டோவைக் கூட வாசலில் விட்டுவிட்டு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கிளப்பு நம்மள பெத்தது, இந்தியா டீமு நம்மள யாருன்னே கேட்டது இல்ல, நம்ம கோலி திவ்யாவோட கால ஒடச்சவ நீலச் சட்ட போட்டா மட்டும் நல்லவ ஆயிடுவாளா என்று கேட்டான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கோவிந்தம்மா மட்டும், டேய், இந்தியா தோத்தா உனக்கு சோறு எறங்குமா என்று கேட்டாள். எறங்காது என்று அவனே ஒப்புக்கொண்டான். அப்ப இன்னாடா பண்லாம்னு சொல்ற என்றாள். உன் நைனா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், இந்தியா ரெண்டு கோல் போட்டு ஜெயிக்கட்டும், அந்த ரெண்டையும் வேற எவளாவது போடட்டும் என்றார். கூடமே சிரித்தது, ஆனால் அதுதான் அங்கே இருந்த அத்தனை பேர் மனசிலும் இருந்தது. கடைசியில், வீட்டில் அவரவர் போனில் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் அன்று கூடத்து டிவியைத் திறக்கக் கூடாது, நம் ஊரிலிருந்து அவளுக்கு ஒரு கைதட்டல் வெளியே கேட்கக் கூடாது என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

இவ்வளவு பேசியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஏரியில் எந்த நாள் எந்த வீடு எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிக்கிற அதே பாடு வரிசையில்தான் கூடத்துச் சாவியும் வீடு வீடாகப் போகிறது. இந்த ஞாயிறு சாவிப் பாடு நம் வீட்டுடையது. மறுநாள் பட்டியலைப் பார்த்தபோதுதான் மணிகண்டனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஓடி வந்து, இன்னா அண்ணி, அன்னிக்கு ஒருநாள் சாவிப் பாட்டை எங்க வீட்டோட மாத்திக்கலாமா என்று கேட்டான். உன் நைனா வலையைப் பிரித்துக்கொண்டே மாத்திக்கலாம் என்று வாயெடுத்தார். நான் முடியாது என்றேன். இருவருமே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றெடுத்து இருபது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை. புக்கு படிக்கிற அண்ணி எதுனா காரணமாத்தான் சொல்வாங்க, ஆனா ஊரு பேச்சுன்னு ஒண்ணு இருக்குதே என்று இழுத்தான். பாடு நாளில் ஒரு வீடு என்ன செய்கிறது என்று இன்னொரு வீடு கேட்பதில்லை, அதைக் கேட்க ஆரம்பித்தால் நாளைக்கு ஏரியிலும் கேட்பார்கள், அப்புறம் மணிகண்டா, உன் அப்பாவுடைய பாடு நாளில் வேறொருவன் வந்து வலை போடுவான், பரவாயில்லையா என்று கேட்டேன். அவன் வந்த வழியே திரும்பிப் போனான். ஊர் வழக்கத்துக்கு எதிராக ஊரே முடிவெடுத்துவிட்டு முழிக்கிறார்கள்.

இப்போது நீ கேட்பாய், இவ்வளவு பிடிவாதம் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது, பெற்ற மகளைவிட அந்தப் பெண் பெரிதா என்று. இல்லை. போன மாதம் பொன்னேரி பஸ் நிறுத்தத்தில் எப்சிபாவின் அம்மா ரோசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உனக்கு அவளைத் தெரியும், நம் கரையில் நண்டும் இறாலும் எடுத்துப் போய் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் விற்றுக்கொண்டிருந்தவள். நீ விழுந்த மறுநாளிலிருந்து நம் பெண்கள் யாரும் அவள் கூடையில் ஒரு நண்டு போடவில்லை. ஒரு வாரம் காலையில் வந்து கரையில் நின்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிப் போனாள், இந்த இரண்டு வருஷமாகத் தோணிரேவுப் பக்கம் அலைந்து எடுக்கிறாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவளோ, அக்கா, பாப்பாவுக்கு முட்டி இப்ப எப்படி இருக்குது, படி ஏற முடியுதா என்று கேட்டாள். தினமும் வீட்டு ஜெபத்தில் உன் பெயரையும் சொல்கிறார்களாம். அதோடு நின்றிருந்தால் நான் எப்படியோ வீடு வந்து சேர்ந்திருப்பேன். போகும்போது இன்னொன்று சொன்னாள். எம் பொண்ணுக்கு கால் பட்ட மாதிரியே ஞாபகம் இல்லக்கா, ஆனா திவ்யாவோட அம்மாவே சொல்லிட்டாங்களே, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, அப்ப பட்டிருக்கும்மான்னு சொல்லிச் சொல்லி அழுவா என்றாள்.

திவ்யா, அந்தக் கால் உன்மேல் படவில்லை. இதை நான் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று பொன்னேரி மைதானத்தில் உன் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் வைத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நான்தான் நின்றிருந்தேன், என்னைவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. பந்து உனக்கும் அவளுக்கும் நடுவில் வந்தது, நீ சரிந்து பாய்ந்தாய். முந்தின நாள் பெய்த மழையில் கோல் முன்னால் மண் குழைந்து கிடந்தது, உன் வலது ஷூ அதில் மாட்டி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. எப்சிபா உன்மேல் கால் வைத்துவிடக் கூடாது என்று தாவினாள், தாவிய வேகத்தில் அவளே குப்புற விழுந்தாள். அவள் விழுவதற்கு முன்பே நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டாய். கூட்டம் ஓடி வந்தது. மிதிச்சிட்டாம்மா, அவ மிதிச்சிட்டாம்மா என்று நீ அழுதாய். மணிகண்டன் என்னைப் பார்த்து, நீங்க பின்னாடியே நின்னீங்களே அண்ணி, மிதிச்சாளா என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை. நான் அதிகம் பேசாதவள், கூட்டிச் சொல்லாதவள் என்று இருபது வருஷமாக எனக்கு இருந்த பெயரெல்லாம் அந்த ஆமாமுக்குச் சாட்சியாகப் போய் நின்றுவிட்டது. அவங்களே சொல்லிட்டாங்க என்று செருப்பு பறந்தது, அந்தப் பெண்ணை வேனில் ஏற்றும்வரை என்னென்ன வார்த்தை சொன்னார்கள் என்று நீ ஸ்ட்ரெச்சரில் கிடந்ததால் கேட்டிருக்க மாட்டாய், நான் கேட்டேன்.

நீ பொய் சொல்லவில்லை கண்ணு, வலியில் கிடப்பவளுக்கு அப்படித்தான் தெரியும். பொய் என்னுடையது. என் மகள் அப்படிக் கதறும்போது ஈர மண்ணைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மண்ணைத் திட்டி ஆறுகிற வலியா அது. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம், ஆபரேஷன் முடியட்டும், நீ நடக்கட்டும், நீ படிக்கப் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவள்மேல் உள்ள கோபம்தான் உன்னை எழுந்து நடக்க வைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தக் கோபம்தான் உன்னை மைதானத்துப் பக்கமே திரும்பிப் பார்க்கவிடாமல் செய்ததோ என்றும் தோன்றுகிறது. டாக்டர் விளையாடலாம் என்று சொன்ன பிறகும் நீ கையுறையைத் தொடவில்லை. நீயே இப்போது எக்ஸ்ரே எடுக்கிற வேலை கற்றுக்கொண்டிருப்பவள். உன் பழைய படங்களும் ரிப்போர்ட்டும் பச்சைக் கோப்பில் உன்னிடம்தான் இருக்கின்றன, உன் பெரிய டாக்டரிடம் காட்டி, மிதித்ததா திரும்பியதா என்று கேட்டுப் பார். என் வார்த்தையை மறுபடியும் அப்படியே நம்ப வேண்டாம்.

இதை ஏன் இப்போது அவசரமாகச் சொல்கிறேன் என்றால் கோவிந்தம்மா சொன்ன ஒன்றால். அனுப்பம்பட்டுக்காரர்களை அவள் எவ்வளவு திட்டினாலும் அவர்கள் ஆட்டம் ஒன்றைக் கூட விடாமல் பார்ப்பவள். எப்சிபா ஃப்ரீ கிக் அடிக்குமுன் சாக்ஸை இழுத்துவிடுவாள் என்பது கூட அவளுக்குத்தான் தெரியும். அன்று கூடத்திலிருந்து இறங்கி வரும்போது, பாத்தியா ஆர்த்தி, அவ இப்பல்லாம் கோலி முன்னாடி வந்தா காலை எடுத்துடறா, முன்ன மாதிரி உள்ள பூர்றதில்ல, பயம் வந்துடுச்சு அவளுக்கு என்றாள். திருப்தியாகத்தான் சொன்னாள். அந்தப் பயத்தை அவள் காலில் கட்டி அனுப்பியது நான். நாடே பார்க்கிற ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கி ஓடுவாள், ஏன் ஓடினாள் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஊருக்குச் சொல்வதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம், வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். சனிக்கிழமை காலை நான் அனுப்பம்பட்டுக்கு ரயிலேறிப் போய் ரோசியிடம் சொல்வேன், அவள் என்ன செய்தாலும் சரி. எப்சிபா முகாமிலிருந்து ராத்திரி வீட்டோடு பேசுவாளாம், ஆட்டத்துக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு மூன்று மணிக்குக் கூடத்தைத் திறப்பேன். வரமாட்டேன் என்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள், நம் ஊர் எனக்குத் தெரியாதா. டிவியைப் போடுவதற்கு முன் மணிகண்டனை முன்னால் நிறுத்தி, அன்று கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்கச் சொல்வேன். இந்த முறை இல்லை என்பேன். உன் நைனாவுக்கு நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த வலையின் கிழிசலைப் பின்னி முடித்தார். பிறகு, நான் உம் பக்கத்துல நிக்கிறேன், பேச மட்டும் சொல்லாத என்றார். அது போதும்.

கிளப்பை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. உன் பழைய மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கூடத்துக்குப் போவேன், தோளில் கொஞ்சம் இறுக்குகிறது, பரவாயில்லை. அடுத்த வருஷம் அனுப்பம்பட்டு நம் கோலுக்கு எதிரில் வந்தால் அவள் பந்து வெளியே போக வேண்டும் என்றுதான் சாமியைக் கும்பிடுவேன். ஆனால் எனக்கு ஒன்று புரிகிறது. அவள் இன்று தரையோடு தரையாக இடது மூலைக்கு அடிக்கிறாளே, அந்த அடி எப்படி வந்தது. மேலே அடித்ததை எல்லாம் நீ தட்டிவிட்டாய், அதனால் கீழே அடிக்கக் கற்றுக்கொண்டாள். நான்கு வருஷம் உன்னை ஜெயிக்கப் பழகிப் பழகித்தான் அவள் அந்த நீலச் சட்டை வரைக்கும் போயிருக்கிறாள். அதில் நம் கிளப்புக்கும் பங்கு இல்லை என்று மணிகண்டன் சொன்னால் அவனுக்கு ஆட்டம் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

நீ என்மேல் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, எத்தனை நாள் ஆனாலும் பொறுத்துக்கொள்வேன். பொங்கலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் உனக்குப் பிடித்த இறால் தொக்கு பாட்டிலில் போட்டு அனுப்புவேன். குளிரில் முட்டிப் பயிற்சியை விட்டுவிடாதே, படுக்கும் முன் வெந்நீர் ஒத்தடம் கொடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வராதே, யாராவது தோழியோடு வா. எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல், தலை நிமிர்ந்து, நீண்ட காலம் நன்றாக இரு கண்ணு, உன் நைனாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். ஞாயிறு நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது கூடத்திலிருந்து உனக்குப் போன் போடுவேன். அவள் கோல் அடித்தால் ஓங்கிக் கை தட்டுவேன், என்னைத் தவிர வேறு யார் தட்டுகிறார்கள் என்று நீயும் கேட்கலாம். சாவி என் பாடு. போனை எடுப்பது உன் பாடு.

உன் அம்மா,
ஆர்த்தி